குணமாக்குவேன் என்று சொல்லாத பேச்சுப் பயிற்சியாளர்: எட்டு மாதங்களுக்குப் பிறகு ஒரு மதிப்புரை

திருச்சியில் ஒரு குடியிருப்புத் தெருவின் முதல் மாடியில் இயங்கும் சிறிய பேச்சுப் பயிற்சி மையம் ஒன்றில் கடந்த ஜூன் மாதத்திலிருந்து பயிற்சி பெற்று வருகிறேன். எனக்கு வயது 36. கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். பேசத் தொடங்கிய காலத்திலிருந்தே திக்குகிறவன். அந்த மையத்தில் ஒரே ஒரு பயிற்சியாளர்தான் இருக்கிறார். இது விளம்பரமாகிவிடக் கூடாது என்பதால் பெயரை எழுதவில்லை. வளர்ந்த ஒருவர் திக்கலுக்காக ஸ்பீச் தெரபிக்கு வரும்போது அவரிடம் முதல் நாளிலேயே எதைச் சொல்ல வேண்டும், எந்த வாக்கைக் கொடுக்கக் கூடாது என்பதில் அவர் காட்டிய நேர்மைதான் அடுத்து வந்த எட்டு மாதங்களின் போக்கைத் தீர்மானித்தது என்று நம்புகிறேன். ஆகவே இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அந்த முதல் சந்திப்பைச் சுற்றியே இருக்கும்.

அதற்கு முன்பு எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 27 வயதில், ‘21 நாட்களில் திக்குவாய் முற்றிலும் குணம்’ என்று நாளிதழில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, வேறொரு ஊரில் நடந்த பயிற்சி முகாமில் தங்கிச் சேர்ந்தேன். கட்டணம் 18,000 ரூபாய். ஒவ்வோர் அசையையும் நீட்டி, தொடையில் விரலால் தட்டித் தாளம் போட்டபடி, ஒரே கதியில் பேச வேண்டும். நாலாம் நாளே திக்கல் போய்விட்டது. இருபத்தோராம் நாள் மேடையில் ஏறி ஆறு நிமிடம் தடையின்றிப் பேசினேன். அதைப் படம் பிடித்தார்கள். எதிரில் அமர்ந்திருந்த என் அம்மா அழுதுகொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பி மூன்று வாரம் ஆவதற்குள், அலுவலகத் தொலைபேசியில் என் பெயரைச் சொல்ல முயன்று குரல் அடைத்து நின்றேன். முகாமுக்கு அழைத்துக் கேட்டபோது, நான் வீட்டில் ஒழுங்காகப் பயிற்சி செய்திருக்க மாட்டேன் என்று பதில் வந்தது. அதை அப்படியே நம்பினேன். குறை என்னிடம்தான் என்ற எண்ணத்தோடு ஒன்பது ஆண்டுகள் எந்தப் பயிற்சியாளரையும் தேடிப் போகவில்லை. பொய்யான எதிர்பார்ப்பால் பணத்தைவிடப் பெரிதாக எனக்கு நேர்ந்த நட்டம் அந்த ஒன்பது ஆண்டுகள்தான்.

திருச்சி மையத்தில் முதல் சந்திப்புக்கு ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பயிற்சியாளர் நாற்பது வயதை ஒட்டிய பெண்மணி; மைசூரில் படித்தவர்; இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருப்பதற்கான சான்றிதழ் மேசைக்குப் பின்னால் பார்வையில் படும்படி மாட்டப்பட்டிருந்தது. எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். “திக்காமல் பேச வேண்டும்” என்றேன். அந்த மூன்று சொற்களைச் சொல்ல எனக்குக் கிட்டத்தட்ட பத்து விநாடி ஆனது. அவர் பார்வையை விலக்கவும் இல்லை, சொல்லை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. சொல்லி முடித்ததும், “திக்காமல் பேச முடிந்தால் என்னென்ன செய்வீர்கள், சார்?” என்று கேட்டார். எனக்கு அப்படி யோசித்துப் பழக்கமில்லை. மெல்ல மெல்லச் சொல்லச் சொல்ல அவர் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தார். அலுவலகத் தொலைபேசியை நானே எடுப்பது, மருந்துக் கடையில் மருந்தின் பெயரைச் சீட்டு நீட்டாமல் வாயால் கேட்பது, மகளுடைய பள்ளியில் ஆசிரியரிடம் பேசுவது, அலுவலக வாடிக்கையாளர்கள் முன்னிலையில் தணிக்கைக் குறிப்பை வாசிப்பது, பேருந்தில் நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயரையே சொல்லிப் பயணச்சீட்டு வாங்குவது என்று பதினொன்று சேர்ந்தன.

கடைசியாகச் சொன்னதற்கு ஒரு விளக்கம் தேவை. எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அலுவலகம் பாலக்கரையில். ‘பா’ எனக்கு எளிதில் வராது. நடத்துனர் அருகில் வந்ததும் ‘ஜங்ஷன்’ என்று சொல்லி, அதிகக் கட்டணம் கொடுத்து, முன்னதாகவே பாலக்கரையில் இறங்கிவிடுவேன். பல ஆண்டுகளாக இதுதான் வழக்கம். இதைப் போலவே ‘கணக்கு’ வராதபோது ‘அக்கவுண்ட்’ என்றும், ‘பணம்’ வராதபோது ‘அமவுண்ட்’ என்றும் மாற்றிக்கொள்வேன். நான் ஆங்கிலம் கலந்து பேசுவதை அலுவலகத்தில் ஒரு தோரணை என்று நினைத்திருந்தார்கள். எனக்கு அது தப்பிக்கும் வழி.

பதினொன்றையும் எழுதி முடித்த பிறகு தாளை என் பக்கம் திருப்பி வைத்து, “இதில் எதையெல்லாம் திக்கினாலும் செய்ய முடியும்?” என்று கேட்டார். நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் செய்ய முடியும் என்பதுதான் விடை. அதை ஒப்புக்கொள்ள அன்று எனக்கு மனம் வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் காசு கொடுத்து வந்திருப்பது திக்கலைப் போக்க; திக்கிக்கொண்டே வாழச் சொல்லவா ஒரு பயிற்சியாளர் என்று நினைத்தேன். அந்தக் கோபம் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர் நிதானமாக, ஏறக்குறைய அரை மணி நேரம், எதை எதிர்பார்க்கலாம் என்று விளக்கினார்.

குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேர் ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள். பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் தொடங்கும் இந்தத் திக்கல், அவர்களில் பெரும்பாலோருக்கு வளர வளர நின்றுவிடுகிறது. நிற்காமல் தொடர்கிறவர்கள் வளர்ந்தோரில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் இருக்கிறார்கள். அவர்களில் பெண்களைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு ஆண்கள். இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு, “முப்பது வயதைத் தாண்டியும் தொடர்கிற திக்கல் முழுவதுமாக, திரும்பி வராதபடி மறைந்துவிடும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது, கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்” என்றார். திக்கலைக் குணப்படுத்துவதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். 1841இல் பெர்லினில் டீஃபென்பாக் என்ற அறுவை மருத்துவர் திக்கலைப் போக்குவதற்காக நாக்கை வெட்டித் தைத்த கதையை அவர் சொன்னபோது, சிறுவயதில் என் நாக்கில் வசம்பு தேய்த்ததும், நாக்கு தடிப்பு என்று யாரோ சொன்னதைக் கேட்டு என்னை ஒரு வைத்தியரிடம் அழைத்துப் போனதும் நினைவுக்கு வந்தன. குறை நாக்கில் இருப்பதாக நினைப்பது நம் ஊரில் மட்டும் இருந்த வழக்கம் இல்லை என்று தெரிந்ததில் ஒரு சிறு ஆறுதல் கிடைத்தது.

காரணத்தைப் பற்றியும் அவர் அளந்தே பேசினார். பேச்சுக்குரிய பகுதிகளை இணைக்கும் மூளை நரம்பிழைகளில், குறிப்பாக இடது பக்கத்தில், திக்குகிறவர்களிடம் வேறுபாடுகள் காணப்படுகின்றன. மரபுவழித் தொடர்பும் உண்டு. பாகிஸ்தானியக் குடும்பம் ஒன்றில் திக்கல் தலைமுறைகளாகத் தொடர்வதை ஆராய்ந்தவர்கள் அதனோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களை 2010இல் வெளியிட்டார்கள். ஆனால் ஒருவருக்கு ஏன் வருகிறது, அவருடைய தம்பிக்கு ஏன் வருவதில்லை என்று முழுமையாகச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை என்றார். என் தாய்மாமா திக்குகிறவர். இடது கையால் எழுதிய என்னை அப்பா அடித்து வலது கைக்கு மாற்றியதால்தான் திக்கல் வந்தது என்று அம்மா இன்றுவரை நம்பி, இறந்துபோன அப்பாவை மனத்துக்குள் குற்றவாளியாக்கி வைத்திருந்தார். மாமாவைப் பற்றிப் பயிற்சியாளர் குடும்ப விவரத்தில் குறித்துக்கொண்டபோது, முப்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இருந்த ஒரு வழக்கு முடித்து வைக்கப்பட்டதாக உணர்ந்தேன்.

முகாமில் நாலாம் நாளே திக்கல் போனது எப்படி என்று கேட்டேன். ஒத்த தாளத்தில் பேசினாலும், பிறரோடு சேர்ந்து ஒரே குரலாக வாசித்தாலும், பாடினாலும் திக்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் திக்கல் உடனே குறைந்துவிடும். இது நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை என்றார். அந்த முகாமில் கிடைத்த சரளம் பொய்யில்லை. நான்கு சுவருக்குள் கிடைத்ததைக் கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் அப்படியே நிற்கும் என்று சொன்னதுதான் பொய். இந்த ஒரு விளக்கத்துக்காகவே முதல் நாள் கட்டணம் தகும் என்பேன், ஏனென்றால் தோற்றது நான் இல்லை என்று முதன்முறையாக ஒருவர் காரணத்தோடு சொன்னார்.

பிறகு அவர் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜை எடுத்துக்காட்டினார். அவர் யார்க் கோமகனாக இருந்த 1926இல் லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். 13 ஆண்டுகள் கழித்து, 1939 செப்டம்பர் 3ஆம் தேதி, போர் தொடங்கிவிட்டதை நாட்டு மக்களுக்கு வானொலியில் அறிவித்தபோதும் லோக் அதே அறையில் உடன் நின்றார். ஓர் அரசருக்குக் கிடைக்கக்கூடிய எல்லா வசதியும் நேரமும் இருந்தும் திக்கல் அவரைவிட்டு முற்றாக நீங்கவில்லை. ஆனால் பேச வேண்டிய உரையை அவர் பேசினார். “நான் உங்களிடம் எதிர்பார்ப்பது அந்த இரண்டாவது பாதியை” என்றார் பயிற்சியாளர்.

இதைவிடப் பயனுள்ளதாக எனக்கு அமைந்தது அவர் முன்கூட்டியே சொன்ன எச்சரிக்கைகள். சொல்லை மாற்றாமல், சூழலைத் தவிர்க்காமல் பேசத் தொடங்கியதும் இதுவரை மறைத்து வைத்திருந்த திக்கல் எல்லாம் வெளியே வரும், ஆகவே ஒரு கட்டத்தில் நான் முன்பைவிட அதிகமாகத் திக்குவதாக வீட்டாருக்கும் அலுவலகத்தாருக்கும் தோன்றும் என்றார். அறைக்குள் ஒரு மாதத்தில் கைவரும் உத்தி தொலைபேசிக்குப் போய்ச் சேர ஆறு மாதம் ஆகலாம் என்றார். உத்திகளைப் பயன்படுத்துவதற்கும் ஒரு விலை உண்டு. பேசும் பொருளில் இருக்க வேண்டிய கவனத்தில் ஒரு பங்கைப் பேச்சே எடுத்துக்கொள்ளும், அதனால் களைப்பு வரும், சில நாட்களில் ‘இன்றைக்கு வேண்டாம், திக்கிவிட்டுப் போகிறேன்’ என்று தோன்றும், அப்படித் தோன்றுவது தவறில்லை என்றார். தூக்கம் குறைந்த நாளிலும் நேரம் நெருக்கும் நாளிலும் திக்கல் கூடும், காரணமே இல்லாமலும் கூடும், அதைப் பயிற்சியின் தோல்வியாகக் கணக்கிடக் கூடாது என்றார். பயிற்சி முடிந்த பிறகு திக்கல் மீண்டும் தலைதூக்குவது பலருக்கும் நேர்வது, ஆகவே அப்போது வெட்கப்படாமல் திரும்பி வருவதையும் இப்போதே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று, ஆறு மாதத்துக்கு ஒரு சந்திப்பு என்பதைத் தாளின் கடைசி வரியாக எழுதினார்.

மூன்றாம் மாதத்தில் அவர் சொன்னது அப்படியே நடந்தது. அலுவலகத்தில் மூத்தவர் என்னைத் தனியே அழைத்து, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா, முன்பு இவ்வளவு திக்க மாட்டாயே என்று கனிவோடு கேட்டார். இந்தக் கட்டம் வரும் என்று முன்பே தெரிந்திருக்காவிட்டால் அன்றே பயிற்சியை விட்டிருப்பேன். அந்த வாரம் ‘கணக்கு’ என்ற சொல்லை ஒருமுறைகூட மாற்றவில்லை என்பதை அவரிடம் விளக்கியபோது அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் முதன்முறையாக ஒருவரிடம் என் திக்கலைப் பற்றிப் பேசிவிட்டேன்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது என்பதையும் முதல் நாளே முடிவு செய்தோம். ஒரு பத்தியை வாசிக்கச் செய்தும், பத்து நிமிடம் உரையாடியும் பதிவு செய்து, நூறு அசைகளுக்கு எத்தனை இடத்தில் திக்குகிறேன் என்று எண்ணினார். உரையாடலில் 11 வந்தது. இதனோடு, திக்கல் என் அன்றாட வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்கும் நீண்ட வினாத்தாள் ஒன்றும் உண்டு. தானும் திக்கியவரான ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் திக்கலைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிட்டவர். பிறர் காதில் விழுவது மேலே தெரியும் சிறு பகுதி, அச்சமும் வெட்கமும் தவிர்த்தலும் நீருக்கு அடியில் இருக்கும் பெரும்பகுதி. முதல் எண் குறையாமலே இரண்டாவது குறையக்கூடும், அதுவும் முன்னேற்றம்தான் என்று முன்பே ஒப்புக்கொள்ள வைத்தார். எட்டாம் மாதத்தில் என் எண் 6. அதற்கு இரண்டு வாரம் முன்பு எடுத்த பதிவில் 9. முதல் எண்ணை மட்டும் வைத்து இந்த மையத்தை மதிப்பிட்டால் சுமார் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

பயிற்சி முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1905இல் பிறந்து 1994இல் மறைந்த சார்லஸ் வான் ரைப்பர், தானும் திக்கியவர், திக்கலை அடக்குவதற்குப் பதிலாக இறுக்கமில்லாமல் திக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த வழியில், திக்கி முடித்த சொல்லுக்குப் பின் சற்று நிறுத்தி அதையே தளர்வாக மீண்டும் சொல்வது முதற்படி. திக்கலின் நடுவிலேயே உதட்டின் அல்லது தொண்டையின் இறுக்கத்தைத் தளர்த்தி வெளியே வருவது இரண்டாம் படி. வரப்போகும் திக்கலை முன்பே உணர்ந்து அந்த எழுத்தை மென்மையாகத் தொட்டுத் தொடங்குவது மூன்றாம் படி. எனக்கு இரண்டாம் படி ஓரளவு வசப்பட்டிருக்கிறது; மூன்றாம் படி இன்னும் அறைக்கு வெளியே வரவில்லை.

வேண்டுமென்றே திக்கும் பயிற்சியைப் பற்றி மட்டும் விரிவாக எழுத வேண்டும். ஐந்தாம் வாரம் என்னைத் தெருமுனைத் தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்றார். நான் செய்ய வேண்டியதை அவரே முதலில் செய்தார். கடைக்காரரைப் பார்த்து, “ப... ப... ப... பன் ஒண்ணு குடுங்க” என்று, கண்ணை விலக்காமல், நிதானமாகத் திக்கினார். கடைக்காரர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பன்னை எடுத்துக் காகிதத்தில் வைத்துக் கொடுத்தார். அடுத்தவருக்குத் தேநீர் ஆற்றப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. திக்காத ஒருவர் எனக்காகப் பொது இடத்தில் திக்கியதைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது. அடுத்து நான் கேட்க வேண்டும். வேண்டுமென்று மூன்று முறை திக்கப் போய், நாலாவது உண்மையான அடைப்பாக மாறி நீண்டது. பின்னால் நின்ற இளைஞர் ஒருவர் சிரித்தார். திரும்பி வரும் வழியில், “யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று நான் உங்களிடம் சொல்லவில்லையே, சார்” என்றார் பயிற்சியாளர். உண்மைதான், சிலர் சிரிப்பார்கள், பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள் என்றுதான் முதல் நாளே சொல்லியிருந்தார். அன்றைய குறிப்பேட்டில் ‘ஒருவர் சிரித்தார், பன் கிடைத்தது’ என்று எழுதினேன்.

வீட்டாரின் எதிர்பார்ப்பையும் கையில் எடுத்தது இந்த மையத்தின் இன்னொரு சிறப்பு. இரண்டாம் மாதம் அம்மாவை ஒருமுறை அழைத்துவரச் சொன்னார். அம்மா அமர்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, “இவனுக்கு எப்பம்மா சரியாகும்?” என்பதுதான். பயிற்சியாளர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, திக்கல் கொஞ்சம் குறையும், கொஞ்சம் இருக்கும். ஆனா பேசறதுக்கு இவர் பயப்படறது நிறையவே குறையும். அதுக்கு நீங்க ரெண்டு உதவி பண்ணணும்” என்றார். நான் திக்கும்போது சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது. ‘மெதுவாப் பேசுப்பா’ என்று சொல்லக் கூடாது. அம்மாவுக்கு இது மிகக் கடினம். முப்பது ஆண்டுகளாக அன்பினால் செய்துவந்ததை நிறுத்தச் சொல்வது எளிய காரியமல்ல. இப்போதும் சாப்பாட்டு நேரத்தில் என் வாயிலிருந்து சொல் வராமல் நிற்கும்போது அவருடைய உதடுகள் அசைவதைப் பார்க்கிறேன். ஆனால் குரல் வெளியே வருவதில்லை.

காதில் மாட்டும் கருவி அல்லது கைபேசிச் செயலி உதவுமா என்றும் கேட்டுப் பார்த்தேன். நம் குரலையே சற்றுத் தாமதமாக நம் காதுக்குத் திருப்பி அனுப்பும் முறை அது. ஒரு செயலியைத் தரவிறக்கி ஒரு முழு அமர்வு சோதிக்கவிட்டார். முதல் பத்து நிமிடம் வியப்பாக இருந்தது. பிறகு பழகிப்போய்ப் பயன் குறைந்தது. சிலருக்கு நன்றாக உதவுகிறது, பலருக்கு நாளடைவில் குறைகிறது, ஆகவே பெருந்தொகை கொடுத்து வாங்குமுன் சில வாரங்கள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆலோசனை.

குறைகளும் உண்டு. முதலாவதும் மிகப் பெரியதும், முதல் சந்திப்புக்கு நேரம் வாங்கத் தொலைபேசியில் மட்டுமே அழைக்க வேண்டும் என்று வைத்திருந்தது. தொலைபேசிக்கு அஞ்சுகிறவர்கள்தான் இங்கே வருகிறார்கள். நான் மூன்று நாள் எண்ணை அழுத்தி அழுத்தித் துண்டித்து, கடைசியில் மனைவியைப் பேசச் சொன்னேன். இதை எழுதிக் கொடுத்த பிறகு நாலாம் மாதத்திலிருந்து வாட்ஸ்அப்பில் நேரம் கேட்கும் வசதி வந்தது. வரவேற்பில் இருப்பவர், காத்திருப்போர் எல்லோர் முன்னும், பெயரையும் வந்த காரணத்தையும் வாயால் சொல்லச் சொல்கிறார். ஒரு சீட்டில் எழுதி வாங்கலாம். அந்த நீண்ட வினாத்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. பயிற்சியாளர் வாய்மொழியாகத் தமிழில் விளக்கினார் என்றாலும், அச்சத்தையும் வெட்கத்தையும் பற்றிய கேள்விகளுக்கு அந்நிய மொழியில் எண் போடுவது என்னை என்னிடமிருந்தே தள்ளி வைத்தது. குழுச் சந்திப்பு மாதம் ஒரு ஞாயிறு மட்டுமே நடக்கிறது. நான்கைந்து பேர்தான் வருகிறோம். என்னைப் போல் திக்குகிற இன்னொருவரை வாழ்க்கையில் முதன்முதலாக எதிரெதிரே அமர்ந்து கேட்டது அங்கேதான் என்பதால், மாதம் ஒருமுறை போதவில்லை என்பதை ஆசையோடு சொல்கிறேன்.

முதல் சந்திப்புக்கு 1,200 ரூபாய், பிறகு ஒவ்வோர் அமர்வுக்கும் 700 ரூபாய். முதல் மூன்று மாதம் வாரந்தோறும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று இதுவரை 22 அமர்வுகளுக்கு 15,900 ரூபாய் ஆகியிருக்கிறது. என் மருத்துவக் காப்பீட்டில் இது வரவில்லை. இந்தத் தொகை முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பேச்சுப் பயிற்சி உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். எங்கே சென்றாலும் பயிற்சியாளரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். எத்தனை நாளில் குணமாகும் என்று கேட்டு, அவர் ஓர் எண்ணைச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்த மாதம் நேர்முகத் தேர்வு இருக்கிறது, அதற்குள் திக்கல் போக வேண்டும் என்று வருகிறவருக்கு இந்த மையம் ஏமாற்றம் தரும். அப்படி ஒருவர் குழுச் சந்திப்புக்கு ஒரே ஒரு முறை வந்து பிறகு வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 27 வயதில் நானும் இங்கே வந்திருந்தால் முதல் நாளோடு நின்றிருப்பேன். அவரைப் போன்றவர்களிடம் அதே உண்மையை இன்னும் சற்று மென்மையாக, இரண்டு மூன்று சந்திப்புகளில் பிரித்துச் சொல்ல வழியுண்டா என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். முதல் நாளில் எவ்வளவு சொல்வது என்பது இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் தனக்குக் கடினமாகவே இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டார்.

பதினொன்றில் எட்டைச் செய்துவிட்டேன், எட்டையும் திக்கியபடிதான். பாலக்கரைக்குப் பாலக்கரை என்று சொல்லித்தான் சீட்டு வாங்குகிறேன். காலை நெரிசலில் சில நாள் ‘பா’வில் நிற்கும்போதே நடத்துனர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார், அப்படிக் கொடுத்தாலும் சொல்லை முடித்துவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட வீட்டுப் பாடம். வாடிக்கையாளர்கள் முன் தணிக்கைக் குறிப்பை வாசிப்பது இன்னும் மீதியுள்ள மூன்றில் ஒன்று. அதற்கான ஒத்திகைக்கு அலுவலகத்தின் மூத்தவரையே உடன் அழைத்து வரலாமா என்று கேட்டிருக்கிறேன். அடுத்த அமர்வுக்கு வருவதாக மூத்தவர் சொல்லியிருக்கிறார்.